ஆமைக்குக் கட்டளையிட்ட குழந்தைகள்

தொடக்கப்பள்ளியில் கணினிப் பாடம் எடுக்க வரும் இளம் ஆசிரியர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று என்னிடம் கேட்பார்கள். லோகோவின் கதையிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

1967இல் அமெரிக்காவில் வாலி ஃபோயர்ட்சைக், சிந்தியா சாலமன், சீமோர் பேப்பர்ட் ஆகியோர் குழந்தைகளுக்கென்றே உருவாக்கிய நிரல்மொழி அது. ஒரு கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலம். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்ட நிரல்களும் பெரும்பாலும் கணக்கைக் கொடுத்து, விடை சரியா தவறா என்று சொல்பவையாகவே இருந்தன. கணினி கேட்கும், பிள்ளை பதில் சொல்லும். பேப்பர்ட் இதைத் தலைகீழாக்க விரும்பினார். ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜேயுடன் பணியாற்றியவர் அவர்; குழந்தை தானே செய்து பார்த்துத்தான் அறிவைக் கட்டிக்கொள்கிறது என்பதை அங்கே நெருங்கிப் பார்த்திருந்தார்.

லோகோவின் கட்டளைக்கு நகரும் ஆமை பிறகு வந்தது. வயிற்றில் பேனாவோடு தரையில் ஊர்ந்து, விரித்த காகிதத்தில் கோடு போடும் சிறு இயந்திரம். இங்கிலாந்தில் கிரே வால்டர் 1940களின் இறுதியில் செய்த இயந்திர ஆமைகளின் நினைவாக வைத்த பெயர். பின்னாளில் அது திரைக்குள் போய் ஒரு சிறு முக்கோணமாகிவிட்டது. நான் கற்பித்தது அந்தத் திரை ஆமையைத்தான்.

‘எஃப்டி 100’ என்றால் நூறு அடி முன்னே போகும். ‘ஆர்டி 90’ என்றால் வலப்பக்கம் திரும்பும். சதுரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிடும். முக்கோணத்தில்தான் வகுப்பே நிற்கும். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று படித்திருப்பார்கள், அதையே தட்டுவார்கள். மூன்று கோடுகள் வரும், ஆனால் ஒன்றுசேராது. வாய் திறந்துகொண்டு நிற்கும் அது அறுகோணத்தின் பாதி. அந்த இடத்தில் நான் விடையைச் சொல்வதில்லை. எழுந்து நட என்பேன். தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு அதன்மேல் நடக்கும் பிள்ளை, முனைக்கு வந்ததும் தன் உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று உணர்கிறது. 60 அல்ல, 120. நீயே ஆமையாகிப் பார் என்பதுதான் பேப்பர்ட் காட்டிய வழி. தவறான விடைக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போடும் பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய மாற்று எதையும் நான் கண்டதில்லை.

1980இல் அவருடைய ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற நூல் வெளிவந்தது. வீட்டுக் கணினிகள் பரவிய அந்தப் பத்தாண்டில் லோகோ பல நாடுகளின் பள்ளிகளுக்குள் போனது. கோஸ்ட்டா ரிக்கா 1988இல் அதை அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கே கொண்டுசென்றது. நம் ஊர்ப் பாடப்புத்தகங்களுக்கும் அது வந்தது. ஆனால் பல வகுப்புகளில் ‘எஃப்டியின் விரிவாக்கம் என்ன?’ என்ற ஒரு மதிப்பெண் கேள்வியாகச் சுருங்கிப்போனது. ஆமையைப் பார்க்காமலே அதன் கட்டளைகளை மனப்பாடம் செய்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பேப்பர்ட்டிடம் கற்ற மிட்செல் ரெஸ்னிக்கின் குழு எம்ஐடியிலிருந்து 2007இல் ஸ்க்ராட்ச் என்ற நிரல்மொழியை வெளியிட்டது. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாயின. அதைவிடப் பெரிய மாற்றம், ஒரு பிள்ளை செய்ததை இன்னொரு பிள்ளை எடுத்து மாற்றலாம் என்பது. உடனே ‘என்னுடையதைத் திருடிவிட்டான்’ என்ற புகார்களும் கிளம்பின. முதலில் செய்தவரின் பெயரைத் தானாகவே காட்டும் வசதி சேர்க்கப்பட்டது. ஆனாலும், எடுத்தவர் தன் கையாலேயே எழுதும் நன்றியைத்தான் பிள்ளைகள் பெரிதாக மதித்தார்கள். தொழில்நுட்பப் பொறுப்பு பற்றி எந்த அறிவுரைப் பாடமும் கற்றுத்தராததை இது கற்றுத்தந்தது என்று நினைக்கிறேன்.

அதனால் என் வகுப்பில் ஒவ்வொரு படைப்பின் கீழும் நன்றிக்கு ஓர் இடம் உண்டு. படம் யாருடையது, ஒலி யாருடையது, யோசனை யார் சொன்னது என்று எழுத வேண்டும். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் கதைக்கு நாய் குரைப்பதைப் பதிவு செய்திருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: ‘குரைத்தது எதிர்வீட்டு மணி. அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் பதிந்தேன்.’