வீட்டில் டே கெயார் நடத்துவோர் எந்தக் கலைத்திட்டத்தைத் தெரிவு செய்யலாம்?

எமது ஊர்களில் வீட்டின் முன் அறையையோ விறாந்தையையோ ஒதுக்கி, அயல் பிள்ளைகளைப் பகல் முழுவதும் பராமரிக்கும் பெண்கள் பலர் இருக்கின்றனர். காலை ஏழு மணிக்கே வேலைக்குப் புறப்படும் ஆசிரியைகளும் தாதியரும் ஆடைத் தொழிற்சாலை ஊழியர்களும் அவர்களை நம்பியே பிள்ளைகளை விட்டுச் செல்கின்றனர். உணவூட்டி, உறங்க வைத்து, பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாகத்தான் இப்பணி ஆரம்பிக்கின்றது. சில மாதங்களில், "பிள்ளைக்கு என்ன படிச்சிக் குடுக்கிறீங்க?" என்று பெற்றோர் கேட்கத் தொடங்குகின்றனர். அப்போதுதான் கலைத்திட்டம் தேடும் படலம் ஆரம்பமாகின்றது. அவ்வாறு தேடுவோருக்கும், பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கும் பயன்படும் சில விடயங்களை இங்கு தொகுத்துத் தருகின்றேன்.

கலைத்திட்டம் என்பது பயிற்சிப் புத்தகம் அல்ல

கடையில் வாங்கும் புத்தகமும் இணையத்தில் பிரிண்ட் எடுக்கும் தாள்களும் வெறும் சாதனங்களே. பிள்ளை எவற்றில் வளர வேண்டும், அதற்காக ஒரு நாளை எவ்வாறு ஒழுங்கு செய்வது, பிள்ளை வளர்கின்றதா என்பதை எவ்வாறு அறிவது ஆகிய மூன்றுக்கும் விடை தருவதே கலைத்திட்டமாகும். உடல், மொழி, சிந்தனை, உணர்வு, பிறருடன் பழகுதல் ஆகிய ஐந்து துறைகளும் அதில் இடம்பெற வேண்டும். எழுத்தும் எண்ணும் மாத்திரம் இருந்தால் அது அரைவாசிக் கலைத்திட்டம் கூட அல்ல.

பிரதான முறைகள்

முதலாவது, மொண்டிசோரி முறை. இத்தாலிய மருத்துவரான மரியா மொண்டிசோரி 1907 இல் ரோம் நகரின் வறிய குடியிருப்பொன்றில் தனது முதலாவது சிறுவர் இல்லத்தை ஆரம்பித்தார். 3 முதல் 6 வயது வரையான பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து, நீர் ஊற்றுதல், பொத்தான் பூட்டுதல், துடைத்தல் போன்ற அன்றாட வேலைகளிலிருந்து கற்றலை ஆரம்பிப்பது இதன் சிறப்பு. வயது கலந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டு நிலையத்துக்கு இது நன்கு பொருந்தும். எனினும் அதற்குரிய உபகரணங்கள் விலை கூடியவை, பயிற்சியும் அவசியம். எமது நாட்டில் முன்பள்ளி எதுவாக இருந்தாலும் அதனை "மொண்டிசோரி" என்று அழைக்கும் வழக்கம் இருப்பதால், பெயர்ப் பலகையை மட்டும் பார்த்து முறையைத் தீர்மானிக்க முடியாது.

இரண்டாவது, ஹைஸ்கோப் முறை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டேவிட் வைக்கார்ட் என்பவரின் தலைமையில் 1960களில் உருவானது. இன்று என்ன செய்யப் போகின்றேன் என்று பிள்ளை சொல்லும், பின்னர் அதைச் செய்யும், முடிவில் என்ன செய்தேன் என்று சொல்லும். இதற்குப் பெரிய செலவில்லை. பிள்ளையுடன் பேசப் பொறுமை இருந்தால் போதும்.

மூன்றாவது, கருப்பொருள் முறை. வாரத்துக்கு ஒரு தலைப்பு எடுத்து, அதைச் சுற்றிப் பாட்டு, கதை, வரைதல், விளையாட்டு என அமைப்பது. இதில் கவனிக்க வேண்டியது தலைப்பு எங்கிருந்து வருகின்றது என்பதே. வெளிநாட்டுப் பொதிகளில் பனிமனிதனும் இலையுதிர் காலமும் வரும். எமது பிள்ளைக்குத் தெரிந்தவை மாரி மழை, தோணி, நெல் வயல், தென்னை, சந்தை. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்வதே கற்பித்தலின் அடிப்படை விதி.

நான்காவது, ஆசிரியர் சொல்லப் பிள்ளை திருப்பிச் சொல்லி, கொப்பியில் எழுதும் நேரடிப் போதனை. பெற்றோர் பலர் எதிர்பார்ப்பது இதைத்தான். பலன் உடனே கண்ணுக்குத் தெரியும் என்பதே அதற்குக் காரணம்.

ஆய்வு சொல்வது என்ன?

இம்முறைகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 1967 இல் மிச்சிகனின் இப்சிலாந்தி நகரில் ஆரம்பமானது. வறிய குடும்பங்களைச் சேர்ந்த 68 பிள்ளைகள் நேரடிப் போதனை, ஹைஸ்கோப், விளையாட்டை மையமாகக் கொண்ட மரபான பாலர் வகுப்பு என மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஆரம்பத்தில் மூன்று குழுக்களிலும் அறிவுத்திறன் புள்ளிகள் ஏறத்தாழ ஒரே அளவில் உயர்ந்தன. ஆனால் 23 வயதில் பார்த்தபோது வேறுபாடு வெளிப்பட்டது. பாடசாலைக் காலத்தில் மனவெழுச்சிப் பிரச்சினைகளுக்காக விசேட உதவி தேவைப்பட்டோர் நேரடிப் போதனைக் குழுவில் 47 வீதமாகவும், ஏனைய இரு குழுக்களில் 6 வீதமாகவும் இருந்தனர். இது சிறிய ஆய்வு என்பதையும், ஹைஸ்கோப் முறையை உருவாக்கியவர்களே இதை நடத்தினர் என்பதையும் மறக்கக் கூடாது. எனினும், சிறு வயதில் பேனை பிடிக்க வைத்தால்தான் பிள்ளை முன்னேறும் என்ற எண்ணத்தை இது கேள்விக்குட்படுத்துகின்றது.

தரம் 1 எதை எதிர்பார்க்கின்றது?

ஜனவரி 31 ஆம் திகதி 5 வயது பூர்த்தியான பிள்ளை தரம் 1 இல் சேர்கின்றது. 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2 ஆகியவற்றில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் கொடுத்து, எழுத்து வேலையைக் குறைத்தே வைத்தது. அதாவது பாடசாலையே விளையாட்டில் தொடங்கும்போது, டே கெயாரில் மூன்று வயதுப் பிள்ளையை மேசையில் இருத்தி எழுத வைப்பதற்கு நியாயம் இல்லை.

தரம் 1 ஆசிரியைக்கு உண்மையில் உதவும் பிள்ளை யார்? தன் தேவையை வாய் திறந்து சொல்லும், கதையை இறுதிவரை கேட்கும், தன் முறை வரும்வரை காத்திருக்கும், தானே மலசலகூடம் சென்று கை கழுவும் பிள்ளைதான். அகர வரிசையைச் சில வாரங்களில் பழக்கலாம். இவற்றைப் பழக்க வருடங்கள் தேவை.

நான்கு எழுத்துகளின் சுமை

எமது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஒரு விடயம் உண்டு. தமிழில் 247 எழுத்துகள், ஆங்கிலத்தில் 26, அரபியில் 28, அவற்றுடன் சிங்களமும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாகச் செல்ல, அரபு வலமிருந்து இடமாகச் செல்கின்றது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்த நான்கையும் ஒரே வருடத்தில் எழுதக் கொடுக்கும் நிலையங்கள் உள்ளன.

காதால் பல மொழி கேட்பது வேறு, கையால் பல எழுத்து எழுதுவது வேறு. சூராக்களையும் துஆக்களையும் கேட்டு ஓதலாம். சிங்களப் பாட்டும் ஆங்கிலப் பாட்டும் பாடலாம். பிள்ளைக்கு அவை சுமையல்ல. எழுத்து அறிமுகத்தை மட்டும் வீட்டு மொழியான தமிழில் ஆரம்பித்து, ஏனையவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே நன்று.

தெரிவுக்கு முன் ஐந்து கேள்விகள்

1. என்னிடம் இருக்கும் பிள்ளைகளின் வயது என்ன? இரண்டு வயதும் நாலரை வயதும் கலந்திருந்தால், ஒரே வயதுக்கென எழுதப்பட்ட பொதி உதவாது.

2. நான் தனி ஆளாகச் சமாளிக்க முடியுமா? ஒரு பிள்ளைக்கு உடை மாற்றும்போது மற்றப் பிள்ளைகள் தாமாக ஈடுபடக்கூடிய வேலைகள் அதில் இருக்க வேண்டும்.

3. சாதனங்கள் இங்கு கிடைக்குமா? மணல், களிமண், சிரட்டை, துணித்துண்டு, வெற்றுப் பெட்டி போதும். புளியங்கொட்டை, மணி, சோகி போன்றவை மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது. தொண்டையில் சிக்கும்.

4. நாளில் எவ்வளவு நேரம் விளையாட்டு? குறைந்தது காலையில் ஒரு மணி நேரமாவது பிள்ளை தானே தெரிவு செய்யும் விளையாட்டுக்கு இருக்க வேண்டும்.

5. பிள்ளையின் வளர்ச்சியை எவ்வாறு பதிவேன்? பரீட்சை வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி வைத்து, வாரத்துக்கு இரண்டு வரி எழுதினால் போதும். பேச்சுத் தாமதம், காது கேளாமை போன்றவை இவ்வாறுதான் முன்கூட்டியே தெரிய வருகின்றன.

பதிவும் ஆலோசனையும்

13 ஆவது திருத்தத்தின் பின்னர் முன்பள்ளிகள் மாகாண சபைகளின் விடயமாக உள்ளன. ஆகவே விதிமுறைகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். புத்தகம் வாங்க முன்னர் பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். பதிவு பற்றியும், உங்கள் மாகாணத்தின் வழிகாட்டல்கள் பற்றியும், பயிற்சிகள் பற்றியும் கேட்டறியுங்கள். கிணற்றுக்குக் கட்டும் மூடியும், படலைக்குப் பூட்டும், பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களும் கலைத்திட்டத்துக்கு முன்னரே தயாராக வேண்டியவை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மாலையில் பிள்ளையை அழைக்க வரும்போது, "இன்றைக்கு என்ன எழுதினாய்?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு யாரோடு விளையாடினாய்?" என்று கேளுங்கள். நீங்கள் எதைக் கேட்கின்றீர்களோ, அதையே அந்த நிலையம் கொடுக்க முயலும்.