தட்டிவானின் சட்டகம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் போக்குவரத்து வரலாற்றை எழுதப் புகுவோர், 1905 இல் கொழும்புடன் இணைந்த புகையிரதப் பாதையையும், 1958 இல் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டமையையும் குறிப்பிடத் தவறுவதில்லை. தட்டிவானோ பெரும்பாலும் நினைவுக் குறிப்புகளில் வேடிக்கைப் பொருளாகவே இடம்பெறுகின்றது. அதனை ஒரு பொறியியற் படைப்பாக நோக்குதல் வேண்டும் என்பது எமது கருத்து.

புகையிரதம் வடமராட்சிக்குச் செல்லவில்லை. கொடிகாமத்திற்கும் பருத்தித்துறைக்கும் இடையே சந்தைக்குச் செல்வோரையும், அவர்தம் மரக்கறிக் கடகங்கள், வாழைக்குலைகள் முதலியவற்றையும் ஒருங்கே ஏற்றவல்ல வாகனமொன்று வேண்டியிருந்தது. அத்தகைய வண்டியை எந்த மேலைத் தொழிற்சாலையும் ஆயத்தமாக அனுப்பிவிடவில்லை. எனவே, இறக்குமதியான லொறிகளின் உருக்கு அடிச்சட்டத்தின்மீது உள்ளூர்த் தச்சர் மரத்தாற் கூடமைத்தனர். பின்புறத்தே சங்கிலியில் தொங்கிய பலகைத் தட்டியே வண்டிக்குப் பெயரையும் வழங்கிற்று.

இக்கூட்டின் இயல்பை நுணுகி நோக்கினால் அதன் பலமும் குறையும் ஒருங்கே புலப்படும். நிமிர்ந்த மரத்தூண்கள் கூரைச் சுமையை நேரே அடிச்சட்டத்திற்கு இறக்கின. மேலிருந்து வரும் பாரத்திற்கு இஃது ஏற்ற அமைப்பே. ஆயின், பக்கவாட்டில் தள்ளும் விசைக்கு அது ஈடுகொடாது. நான்கு மரங்களை மூலைகளில் ஆணியிட்டுச் சதுரமாக்கி ஒருபுறம் அழுத்தினால், அது சாய்சதுரமாகச் சரியும். மூலைக்கு மூலை குறுக்குமரம் ஒன்றிட்டால் அசையாது. அக்குறுக்குமரத்தையே தட்டிவான் துறந்தது. கடகங்களை இருபுறமும் ஏற்றி இறக்கத் திறந்த பக்கங்கள் தேவைப்பட்டன அன்றோ! போதாக்குறைக்குக் கூரைச் சுமை ஈர்ப்பு மையத்தை உயர்த்திற்று. தட்டிச் சுமையோ பின்னச்சுக்கு அப்பால் நெம்புகோலாகி முன்சில்லுகளை இலேசாக்கிற்று.

இதனைத் தச்சரின் அறியாமை எனக் கொள்வது தவறாகும். குடாநாடு மலையற்ற சமதரை. தட்டிவானின் வேகமோ குறைவு. கவிழ்தலுக்கான கூடு வேகத்தின் குழந்தை. பந்தயக் கார்களில் உருக்குக் குழாய்களால் அமைக்கப்படும் 'ரோல் கேஜ்' அவ்வாறே பிறந்தது. இந்தியானாபொலிஸ் பந்தயத்தில் சாரதியின் தலைக்குமேல் வளைகுழாய் 1959 இலேயே கட்டாயமாயிற்று. பயணிகள் பஸ்ஸின் மேற்கூட்டுக்கோ, 800 மில்லிமீற்றர் உயர மேடையிலிருந்து வண்டியைக் கவிழ்த்துப் பார்க்கும் ஐக்கிய நாடுகள் விதி 1980களிலேதான் வந்தது.

பழைய தட்டிவானை இன்று மீளக் கட்டி வீதியில் விட விழைவோர் முன் ஒரு வினா எழுகின்றது. விரைந்தோடும் லொறிகளுக்கிடையே அம்மரக்கூடு போதுமா? போதாது என்றே சொல்லுதல் வேண்டும். உட்குழாய்க் கூடொன்றை மரத்தூண்களின் பின் மறைத்து அமைக்கலாம். அதன் கால்கள் பலகைத் தளத்தில் அன்றி, அகன்ற தகடுகளின் வழியே உருக்கு அடிச்சட்டத்திலேயே ஊன்றுதல் வேண்டும். இன்றேல் கவிழும்போது குழாய் தளத்தைத் துளைத்துச் செல்லும். மூலைவிட்டக் குழாய்க்குச் சாரதியின் முதுகுப்புறமும் கூரையின் உட்புறமும் இடந்தரும். திறந்த பக்கங்களில் தூணும் மேற்சட்டமும் கூடும் மூலைகளுக்கு முக்கோணத் தகடுகள் மட்டுமே இடலாம்; அதற்குமேல் எதையிட்டாலும் கடகம் ஏறாது.