திருவாசி

சாமியின் தலைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் தோரணம்தான் திருவாசி. வாசிகை என்றால் தொடுத்த மாலை. தலையில் சூடுவதற்கும் அதே பெயர். 'திரு' சேர்ந்து திருவாசிகை ஆகி, கடைசி எழுத்து தேய்ந்து திருவாசி ஆனது. பேச்சில் 'திருவாச்சி' என்பாரும் உண்டு. வடமொழிக்காரர் இதைப் பிரபை என்பார்கள், அதாவது ஒளி. நடராசருக்கு அந்தப் பெயர்தான் பொருத்தம். அங்கே வளைவெங்கும் தீச்சுடர். அந்தத் திருவாசியை ஓங்காரம் என்றே சொல்கிறது உண்மை விளக்கம் என்ற சைவ சித்தாந்த நூல்.

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியில் வாகை, மாவிலங்கம் போன்ற மரங்களில் சாமி உருவங்கள் செதுக்குகிறார்கள். பெருமாள் என்றால் பெரும்பாலும் தசாவதாரமும் திருவாசியில் ஏறிவிடும். நமக்கு இடப்பக்கம் அடியில் மச்சம். அங்கிருந்து மேலேறி, உச்சியில் சிம்மமுகத்தைத் தாண்டி இறங்கினால் வலப்பக்கம் அடியில் கல்கி. எல்லாம் சின்னச் சின்ன உருவங்கள், முகம் சரியாகத் தெரியாது. ஆனால் மீன்வால், பன்றிமூக்கு, வாமனன் குடை, பரசுராமன் மழு போதும், ஆள் பிடிபட்டுவிடும். ஒரு அவதாரத்துக்கு ஒரே அடையாளம். இதைவிடச் சிக்கனமாகக் கதை சொல்ல முடியாது என்பேன்.

போலந்தின் கிராகோவ் நகரில் சிற்பி வீட் ஸ்டாஸ் 1477 முதல் 1489 வரை உழைத்து முடித்த தேவாலய மரப் பீடத்திலும் மரியாள், இயேசு கதைகள் உண்டு. அங்கே கதை கதவுப் பலகைகளில் கட்டம் கட்டமாக நிற்கிறது. மூடியிருந்தால் சில காட்சிகள், திறந்தால் வேறு காட்சிகள்.

உலோகத் திருவாசி பல சிலைகளில் தனியே கழன்று வரும், புளி போட்டுத் துலக்கலாம். சாமியோடு ஒரே மரப்பலகையில் செதுக்கியதற்குத் தூசி தட்டத் தூரிகைதான்.