ஆடி தேய்த்தவர்கள்

வானியலின் வரலாற்றை நாம் பெரும்பாலும் பெரிய ஆய்வகங்களின் வரலாறாகவே படித்து வந்திருக்கிறோம். கலிலியோ, ஹெர்ஷல், ஹபிள் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. பகலெல்லாம் லேத் பட்டறையில் நின்றுவிட்டு இரவில் வானம் பார்த்தவர்களுக்கு அந்த வரிசையில் இடம் குறைவு. அவ்வகையில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஊர் ஒன்று, அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்ட்.

அது இயந்திரக் கருவிகளைச் செய்து பிழைத்த ஊர். அங்கிருந்த ஜோன்ஸ் அண்ட் லாம்சன் ஆலையின் தலைவர் ஜேம்ஸ் ஹார்ட்னஸ் வானப் பித்துக் கொண்டவர். தம் வீட்டிலிருந்து சுரங்கப்பாதை வழியாகச் சென்றடையும்படி ஒரு தொலைநோக்கிக் கூண்டைக் கட்டியிருந்தார். வெர்மாண்டின் பனிக்காலம் அத்தகையது. கருவி குளிரில் நிற்க, பார்ப்பவர் உள்ளே கதகதப்பாக அமர்ந்திருக்கலாம். இவருடைய ஆலைக்கு 1919-ல் வந்து சேர்ந்தவர் ரஸ்ஸல் போர்ட்டர். 1871-ல் அதே ஊரில் பிறந்து, கட்டடக்கலை பயின்று, வடதுருவப் பயணங்களில் இளமையைக் கழித்த ஓவியர் அவர்.

நல்ல தொலைநோக்கி அன்று தொழிலாளியின் ஊதியத்துக்கு எட்டாத பொருள். வாங்க முடியாதென்றால் செய்துகொள்ளலாமே என்பது போர்ட்டரின் வழி. 1920-ல் ஆலைத் தொழிலாளர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஒரு சிறு குழுவுக்கு அவர் வகுப்பெடுக்கத் தொடங்கினார். குழுவில் ஒரு பெண்ணும் இருந்தார்.

செய்முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. ஒரே அளவுள்ள இரு கண்ணாடி வட்டுகள். இடையே கார்போரண்டம் தூளும் தண்ணீரும். மேல் வட்டை முன்னும் பின்னும் தள்ளித் தேய்த்தபடி, சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டு, பீப்பாயைச் சுற்றி நடக்க வேண்டும். மேலது குழியும், கீழது குவியும். தூளை மேலும் மேலும் நுண்ணியதாக மாற்றி, இறுதியில் கீல் பரப்பின்மீது மெருகேற்ற வேண்டும். அதன்பின்தான் உண்மையான சோதனை. 1850-களின் இறுதியில் ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்த முறை அது: ஊசித்துளை வழியே வரும் ஒளியை ஆடியில் பட்டுத் திரும்பச் செய்து, அது குவியுமிடத்தில் ஒரு சவர அலகை நகர்த்தினால், ஆடியின் மேடு பள்ளங்கள் நிழலாக எழுந்து நிற்கும். விரல் பட்ட சூட்டில் கண்ணாடி விம்முவதைக்கூட அந்நிழல் காட்டிக்கொடுத்துவிடும். அங்குலத்தில் பத்து இலட்சத்தில் சில பங்கு என்பதே இங்கு பேசப்படும் பிழை. திருகுமரையின் நுட்பத்தை அளந்து பழகிய கைகளுக்கு அது அந்நிய மொழியாக இருந்திருக்காது என்றே தோன்றுகிறது.

1923 டிசம்பரில் இவர்கள் 'ஸ்பிரிங்ஃபீல்ட் தொலைநோக்கி செய்வோர்' என்ற சங்கமாயினர். பெயரில் வானமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊருக்கு வெளியே குன்றின்மீது தாங்களே ஒரு மனை எழுப்பி, இளஞ்சிவப்பு வண்ணம் பூசி, விண்மீன் கோயில் என்ற பொருளில் ஸ்டெல்லாஃபேன் என்று அழைத்தனர். 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழாசிரியர்களுள் ஒருவரான ஆல்பர்ட் இங்கால்ஸ் இவர்களைத் தேடி வந்து 1925 நவம்பரில் எழுதிய கட்டுரை, நாடெங்கும் ஆடி தேய்க்கும் ஆவலை மூட்டியது. 1926 ஜூலையில் முதல் மாநாடு கூடியது. வந்தவர்கள் ஏறத்தாழ இருபது பேர். இன்றும் கோடையில், அமாவாசையை ஒட்டிய நாட்களில், மாநாடு நடைபெறுகிறது. நம்மவர்களைப் போலவே அவர்களும் திதி பார்த்துத்தான் நாள் குறிக்கிறார்கள்!

இவர்கள் வானத்தைப் பார்த்தார்களா, தங்கள் ஆடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்களா என்ற கேலி பழையது. அதில் நியாயமும் இல்லாமலில்லை. 1911-ல் தோன்றிய மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கம் இரவுதோறும் ஒளியளவுகளைக் கணக்கெடுத்து அறிவியலுக்கு அளித்தது. ஸ்டெல்லாஃபேனின் புகழ் அத்தகையதன்று. எனினும், நெருங்கிய இரட்டை விண்மீன் பிரிந்து தெரிகிறதா, சனியின் வளையத்திடையே காசினி இடைவெளி கறுப்பாக நிற்கிறதா என்று பார்க்காமல் எவரும் தம் ஆடியை நல்லது என்று சொல்லிவிட முடியாது. கருவியைச் சோதிப்பதும் வானத்தைக் கூர்ந்து நோக்குவதும் அங்கு ஒரே செயல். விலை கொடுத்து வாங்கியவர் மங்கலுக்கு வானத்தைக் குறை சொல்லலாம். செய்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

1928-ல் போர்ட்டரை ஜார்ஜ் எல்லெரி ஹேல் கலிஃபோர்னியாவுக்கு அழைத்துக்கொண்டார். பலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கி உருப்பெறும் முன்பே அதன் உள்ளுறுப்புகளைப் பென்சிலால் வெட்டுத்தோற்றங்களாக வரைந்து காட்டியவர் அவரே. அவரின்றியும் குன்றின்மேல் சங்கம் நிலைத்தது. 1930-ல் கட்டிய கூண்டுத் தொலைநோக்கி இன்றும் அங்கே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கூரைப் பட்டகங்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இங்கால்ஸ் திரட்டிய பொழுதுபோக்கு ஆடிக்காரர்கள் தத்தம் வீடுகளில் அவற்றைத் தேய்த்துக் கொடுத்தனர். 1989-ல் ஸ்டெல்லாஃபேன் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

போர்ட்டர் 1949-ல் மறைந்தார். நிலவின் தென்புறத்தில் கிளாவியஸ் என்னும் பெருங்குழியின் விளிம்பில் அமர்ந்திருக்கும் ஒரு குழிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. கையால் தேய்த்த ஆறு அங்குல ஆடியிலேயே அது தெளிவாகத் தெரியும்.