வெண்மணி: நெருப்பை மட்டும் காட்டும் கதைகள்

தோழர்களே, கீழ்வேளூர் வட்டத்திலுள்ள கீழ்வெண்மணியைப் பற்றி உங்களில் பலர் முதலில் ஒரு நாவலிலோ சினிமாவிலோதான் அறிந்திருப்பீர்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கதைகள் எதைச் சொல்கின்றன, எதை விடுகின்றன என்று நாம் பேசியாக வேண்டும்.

1968 டிசம்பர் 25 இரவு, ராமையா என்பவரின் சிறு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அனைவரும் தலித்துகள். இதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வெண்மணியின் கதை அந்த இரவில் தொடங்கவில்லை.

சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த தஞ்சைப் பண்ணைகளில், 1940களிலிருந்தே நம் மக்கள் செங்கொடியின் கீழ் சங்கம் கட்டினார்கள். 1968இல் அவர்கள் கேட்டது அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாக. மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்து எதிர்த்தார்கள். வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினார்கள். செங்கொடியை இறக்கச் சொன்னார்கள். சேரி மறுத்தது. அதன் பிறகுதான் தீ வந்தது.

இந்த வரிசையைக் கலைத்த நாவல் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' (1975). சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அதில் வரும் நிலக்கிழாரின் வன்முறைக்கு அவரது ஆண்மைக் குறைபாடு ஒரு முக்கியக் காரணமாகிறது. கதையின் மையத்தில் நின்று யோசிப்பவர்கள் டெல்லியிலிருந்து வந்த படித்தவர்கள். ஒரு தனிமனிதனின் மனக்கோளாறு என்றாகிவிட்டால் மிராசுதார் சங்கத்தை யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. வெளிவந்த காலத்திலேயே இது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. இந்த நாவலைத் தழுவித்தான் 1983இல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' படம் வந்தது.

சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' (1999) வேறு வகை. அந்த மண்ணிலேயே பிறந்தவர், அந்த மண்ணின் பேச்சில், வயலில் இறங்கியவர்களின் பக்கம் நின்று எழுதினார். மீனா கந்தசாமி 2014இல் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் 'குறத்தியம்மன்' என வந்த நாவல், இப்படியொரு கொடுமையைக் கதையாகச் சொல்ல முடியுமா என்று கதைக்குள்ளேயே கேட்கிறது. பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம் உயிர் பிழைத்தவர்களையே பேசவைத்தது.

'அசுரன்' (2019) படத்தை நாம் கொண்டாடினோம். பூமணியின் 'வெக்கை' நாவலில் இல்லாத அந்த முன்கதையில் குடிசைகள் எரியும்போது பலருக்கும் வெண்மணிதான் நினைவுக்கு வந்தது. பஞ்சமி நிலத்தையும் செருப்பையும் பற்றிப் பேசியது அந்தப் படத்தின் பலம். ஆனால் பதிலடி ஒரு கதாநாயகனின் அரிவாளுக்குப் போய்விடுகிறது. வெண்மணியில் எதிர்த்து நின்றது தனி வீரன் அல்ல. நாற்று நட்ட பெண்களும் கதிர் அறுத்த ஆண்களும் சேர்ந்த சங்கம்.

இவற்றில் பலவும் போதிய இடம் தராத இன்னொரு காட்சி நீதிமன்றத்தில் நடந்தது. விசாரணை நீதிமன்றம் 1970இல் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கு 10 ஆண்டு தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. குடிசையை எரித்தது ஓர் இரவின் வேலை. எரித்தவர்களைக் காப்பாற்ற ஐந்து ஆண்டுகள் ஓர் அமைப்பு முழுவதும் வேலை செய்தது. இதைப் படமாக்க நெருப்புச் செலவுகூட ஆகாது.

'வெறும் கூலித் தகராறு' என்பவர்களுக்கும் ஒரு கேள்வி. தகராறு கூலிக்கு மட்டும்தான் என்றால், எரிந்தது ஏன் சேரி மட்டும்? 'வெறும் சாதிக் கொடுமை' என்று சொல்லி அரைப்படி நெல்லை மறந்தாலும் பாதி உண்மை போய்விடும். நிலமும் சாதியும் ஒரே கையில் இருந்ததுதான் வெண்மணி.

எனவே அடுத்த முறை திரையில் ஒரு சேரி எரியும்போது கண் கலங்குங்கள், தவறில்லை. கூடவே சில கேள்விகளைக் கேளுங்கள். எரிவதற்கு முன் இந்த மக்கள் என்ன கேட்டார்கள்? அவர்களுக்குச் சங்கம் இருந்ததா? முடிவெடுத்தது யார், வெளியிலிருந்து வந்த நாயகனா, அவர்களா? வழக்கு என்ன ஆயிற்று? இவற்றுக்குப் பதில் தராத கதை நம்மை இரங்கத்தக்கவர்களாக மட்டுமே காட்டுகிறது. வெண்மணி மக்கள் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. கூலி கேட்டார்கள், கொடியை இறக்க மறுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அதை முதலில் சொல்வோம்.