வெண்கலக் காசும் வரலாற்றுக் கண்ணும்

அரசாணைகளும் போர்களும் மட்டுமே வரலாறு ஆகா. பல்லாயிரம் கைகள் மாறித் தேய்ந்த சிறு காசும் வரலாற்றுச் சான்றே. ஆயினும் அச்சான்றைப் படிக்கப் பயிற்சி வேண்டும். காசின்மேல் காணும் அடையாளங்களுள் பிறப்பிலேயே அமைந்தவை எவை, பின்னர் நேர்ந்தவை எவை எனப் பிரித்தறிவதே அப்பயிற்சியின் முதற்படி. இதனைத் தெளிவாகக் காட்டுவன, கனடா நாட்டின் பழைய ஒரு சென்ட் நாணயங்கள்.

அன்றைய கனடா மாகாணம் 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நூறு சென்ட் ஒரு டாலர் என்னும் பதின்மக் கணக்கு முறையை மேற்கொண்டது. அதற்குரிய காசுகள் இலண்டன் அரச அக்கசாலையில் அடிக்கப்பெற்றன. அவற்றை வடிவமைத்தவர் லியனார்டு சார்லஸ் வயன். ஒருபுறம் இலைமாலை சூடிய இளமைத் தோற்றத்தில் விக்டோரியா அரசியார்; மறுபுறம் வளைந்து செல்லும் கொடியில் 16 மேப்பிள் இலைகள். குறுக்களவு ஓர் அங்குலம். நூறு காசுகளின் எடை ஒரு பவுண்டு. செம்பு 95, வெள்ளீயம் 4, துத்தநாகம் 1 என்னும் விழுக்காட்டில் அமைந்த வெண்கலமே அதன் உலோகம்.

1858இல் 421,000 காசுகளும் 1859இல் 9,579,000 காசுகளுமாக மொத்தம் ஒரு கோடி காசுகள் அடிக்கப்பட்டன. ஆனால், வங்கிகள் வெளியிட்டிருந்த கனத்த செப்புக் காசுகளுக்குப் பழகியிருந்த மக்கள் இலேசான புதுக் காசை விரும்பவில்லை. இருபது விழுக்காடு தள்ளுபடியில் அவற்றை விற்கும் நிலையும் அரசுக்கு ஏற்பட்டது. 1867இல் கனடா கூட்டாட்சி உருவான பின்னரும் இவையே புழங்கின. 1876இல்தான் புதிய சென்ட் வந்தது. எண்பது காசு ஒரு பவுண்டு என அதன் எடையும் கூட்டப்பட்டது.

இக்காசுகள் ஒரே வடிவின என்று தோன்றினும், உற்று நோக்கின் வேறுபாடுகள் பல. மூல அச்சிலிருந்து பல வேலை அச்சுகள் உருவாக்கப்படும். ஓயாது அடிக்கப்படும் அச்சு தேயும், வெடிக்கும், அதன் இடத்தில் வேறோர் அச்சு வரும். அக்காலத்தில் ஆண்டின் இறுதி எண்ணைத் தொழிலாளர் உளிகொண்டு அச்சில் குத்தினர். 1858ஆம் ஆண்டுக்குரிய அச்சுகளை மறு ஆண்டிலும் பயன்படுத்த, 8இன்மேல் அகன்ற 9 குத்தப்பட்டது. வேறு அச்சுகளில் குறுகிய 9 உண்டு. அக்குறுகிய 9 ஒரே அச்சில் இருமுறை குத்தப்பட்டதும் உண்டு. ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காண்பார்க்கு இப்பணியின் இயல்பு எளிதில் விளங்கும்.

இங்கே மயக்கம் நேர்தல் எளிது. இருமுறை குத்திய 9இன் அடியில் தெரியும் சிறு வளைவை 8இன் எச்சம் எனக் கொண்டால், பழைய அச்சு திருத்தப்பட்டது என்னும் பொய்யான வரலாறு பிறந்துவிடும். ஆகவே, எஞ்சிய வளைவு 8இன் வடிவோடு பொருந்துகிறதா, 9இன் வடிவோடு பொருந்துகிறதா என உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்தல் வேண்டும். இன்னொரு விதியும் துணை செய்யும். அச்சில் பள்ளமாக உள்ளது காசில் மேடாகும். ஆதலின் அச்சின் வெடிப்பு காசில் மேடான கோடாய்த் தெரியும்; புழக்கத்தில் பட்ட கீறலோ பள்ளமாய்த் தெரியும். முன்னது பிறப்பின் அடையாளம். பின்னது வாழ்வின் தழும்பு.

அத்தழும்புகளை அளப்பதே தரம் பிரித்தல். அரசியாரின் காதை ஒட்டிய கூந்தலும் மாலையின் இலைகளும் மேடான பகுதிகள்; அவையே முதலில் தேய்வன. ஆனால், தேய்ந்த அச்சால் அடிக்கப்பட்ட புதுக் காசிலும் கூந்தல் மங்கலாகவே இருக்கும். அங்கே உலோகத்தின் இயற்கை மினுமினுப்பு அழியாதிருத்தலே வேறுபாட்டைக் காட்டும். 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கப் பழஞ்சென்ட் காசுகளுக்கு வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோல், பின்னர் கனடாக் காசுகளுக்கும் வழங்கலாயிற்று. பளபளப்பை விரும்பிக் காசைத் தேய்த்துத் துலக்குவோர், காலம் அளித்த பழுப்பு நிறத்தையும் நுண்ணிய சான்றுகளையும் ஒருசேர அழிக்கின்றனர்.

கனடாவின் பெரிய சென்ட் 1920இல் முடிவுற்றுச் சிறிய சென்ட் வந்தது. எனினும், எஞ்சிய காசுகள் இன்றும் சான்று பகர்கின்றன. வகை, காசு எவ்வாறு பிறந்தது என்று கூறும். தரம், அது எவ்வாறு வாழ்ந்தது என்று கூறும். இரண்டையும் மயங்காது படிப்பவனுக்கே, பெயர் அறியப்படாத ஓர் அக்கசாலைத் தொழிலாளியின் கை 9 என்னும் எண்ணில் தென்படும்.