பிந்தி வந்த தமையன்

மதுரையின் வடகிழக்கே, வண்டியூர்க் கண்மாயை அண்டிப் பரந்திருக்கும் கே.கே. நகரில் குடியிருப்பவர்களுக்குச் சித்ரா பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் உறக்கம் என்பது பெயரளவில்தான். மேற்கே புதூர்ச் சாலையிலிருந்து கொட்டுச் சத்தமும், கிராமங்களிலிருந்து திரள் திரளாக நடந்து வருகிறவர்களின் கோவிந்த கோஷமும் விடியும்வரை காற்றில் மிதந்துவந்தபடியே இருக்கும். அழகர்மலைப் பெருமாளாகிய அழகர் வருகிறார் என்பதுதான் விஷயம். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு புறப்பட்டு வந்த தமையன், ஆற்றங்கரையை அடைவதற்குள் தாலிகட்டு முடிந்துவிட்ட சமாசாரம் கேட்டுக் கோபித்து, ஊருக்குள் கால் வையாமலே வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார் என்ற கதையை இந்நகரத்துக் குழந்தைகள் எழுத்தறியும் முன்பே அறிந்திருக்கிறார்கள். இக்கதை புராணம் எதிலும் இல்லை. மதுரை ஜனங்கள் தாங்களே கட்டியது.

கற்பனை உலகங்களைப் படைக்கும் எழுத்தாளர்கள் அவ்வுலகங்களுக்குரிய சமயங்களையும் படைத்தாக வேண்டியிருக்கிறது. டன்சேனி பிரபு 1905இல் பெகானா என்னும் இடத்துக்கு ஒரு தேவகணத்தையே புதிதாகச் சிருஷ்டித்தார். 1965இல் ஃபிராங்க் ஹெர்பர்ட் தம்முடைய 'டியூன்' நாவலின் பாலைவன ஜனங்களுக்கு இஸ்லாத்தையும் ஜென் பௌத்தத்தையும் கலந்து ஒரு நம்பிக்கையை வகுத்துக் கொடுத்தார். நம் மொழியில் ஜெயமோகன் 1997இல் வெளியிட்ட 'விஷ்ணுபுரம்', இல்லாத ஒரு கோயில் நகரத்தை வைதிகத்தின் கற்களையும் பௌத்தத்தின் தர்க்கத்தையும் காட்டுக்குடிகளின் மூதாதை வழிபாட்டையும் கொண்டு எழுப்பியது. இத்தகைய முயற்சிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் என் மனம் அழகர் பவனி வரும் அந்தச் சாலைக்கே போய்விடுகிறது. ஏனெனில் அவர்கள் காகிதத்தில் செய்த காரியத்தை, முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, உயிருள்ள இரண்டு சமயங்களைக் கொண்டு இவ்வூர் தன் மண்ணிலேயே செய்து முடித்திருக்கிறது.

திருமலை நாயக்கர் மதுரையை ஆண்டது 1623 முதல் 1659 வரை. அவர் காலத்துக்கு முன் மீனாட்சியின் திருக்கல்யாணம் மாசி மாதத்தில் நடந்துவந்தது என்பது மதுரை மரபு. அதற்கு ஏட்டுச்சான்று தேடி அலைய வேண்டியதில்லை, வீதிகளே சாட்சி சொல்லும். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரால் வீதிகள் வழங்க, சித்திரைத் திருவிழாவின் தேரோ சித்திரை வீதியை விட்டுவிட்டு இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. மறுபுறம், வடக்கே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்மலையிலிருந்து சுந்தரராஜப் பெருமாள் சித்திரையில் இறங்கிவந்தது மதுரைக்கு அன்று. மேற்கே வைகைக்கரையிலுள்ள தேனூருக்கு. துர்வாசரின் சாபத்தால் தவளையான சுதபஸ் என்னும் மண்டூக முனிவருக்கு மோட்சம் அளிப்பதே அந்தப் பிரயாணத்தின் நோக்கம்; அதில் கல்யாணமும் இல்லை, தங்கையும் இல்லை. அறுவடை முடிந்து குடியானவர்களின் கை ஓய்ந்திருக்கும் சித்திரைக்குச் சைவக் கல்யாணத்தை நகர்த்தியும், வைணவப் பவனியைத் தேனூரிலிருந்து மதுரைக்குத் திருப்பியும் இரண்டையும் ஒரே பருவத்தில் நாயக்கர் இணைத்தார் என்பர். வண்டியூரருகே மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கும் மண்டபத்துக்குத் தேனூர் மண்டபம் என்ற பெயர் இன்றளவும் நிலைத்திருப்பது, இடம் பெயர்ந்த பின்னும் பழைய ஊர் தன் உரிமையை விட்டுக்கொடுக்காததற்கு அடையாளம்.

ஆனால் இணைப்பு கச்சிதமாகப் பொருந்தவில்லை. கல்யாணத்தன்று மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுக்கும் தமையன் ஸ்தானத்தில் திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள் ஏற்கெனவே இருக்கிறார். முகூர்த்தவேளை கடந்த பின்னரே அழகர் மலையடிவாரத்தை விட்டுக் கிளம்புகிறார். தேரோட்டமும் முடிந்தபின் பௌர்ணமியன்றுதான் ஆற்றில் இறங்குகிறார். ஆக, பத்திரிகையும் இல்லாமல், வேலையும் இல்லாமல், வேளையும் தவறி வருகிற ஒரு விருந்தாளி! கற்பனைச் சமயம் வகுக்கும் எழுத்தாளராயின் இந்த இடத்தில் பஞ்சாங்கத்தைத் திருத்தியிருப்பார். தமையன் ஒருவரே என்று தீர்த்திருப்பார். அழகரை ஒரு நாள் முன்னதாகவே புறப்படச் செய்திருப்பார். மதுரை ஜனங்கள் ஒன்றையும் திருத்தவில்லை. பொருந்தாத அந்த விளிம்பையே எடுத்து, பிந்திவிட்டார், ஆகவே கோபம் கொண்டார், ஆகவே ஊருக்குள் வரவில்லை என்று கதையாக்கிக்கொண்டார்கள். ஒட்டுப்போட்ட தையலே உற்சவத்தின் உயிர்நிலையாகிவிட்டது. கல்யாண வீடென்றால் முறைக்காரர் ஒருவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வாசலோடு திரும்புவது நம் பக்கத்தில் அபூர்வமா என்ன? தெய்வத்தின் வீட்டிலும் அப்படித்தான் என்றதும் ஜனங்களுக்கு அது நம்பத்தக்கதாயிற்று.

வருகிற கோலத்தையும் கவனிக்க வேண்டும். பூதேவியும் ஸ்ரீதேவியும் சூழப் பரமபத நாதராய் எழுந்தருளியிருக்கும் மூர்த்தி, மலையை விட்டு இறங்கும்போது கள்ளர் வேடம் தரிக்கிறார்: சாய்த்துச் செருகிய கொண்டை, காதில் கடுக்கன், கையில் வளரி. புறப்படுமுன் கோயிலின் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பனின் முன்னிலையில், உடன் எடுத்துச்செல்லும் நகைகளின் ஜாபிதா வாசிக்கப்படும். பெருமாள் தம் காவல்காரனிடம் கணக்குச் சொல்லிவிட்டுப் போகிற இந்த அழகை எந்த ஆகமம் விதித்தது? பட்டரும் கள்ளரும் இடையரும் பள்ளரும் ஆளுக்கொரு கையாய்த் தொட்டுத் தொட்டு வளர்த்த மூர்த்தி இது. அந்த உறவுகளையெல்லாம் தொ. பரமசிவன் 'அழகர் கோயில்' என்னும் ஆராய்ச்சி நூலில் பொறுமையோடு விரித்திருக்கிறார். நகரின் எல்லையில் மூன்றுமாவடியில் எதிர்சேவை; பிறகு தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் களைந்த மாலையை அணிந்து, குதிரை வாகனத்தில் வைகை இறங்குதல்; கூட்டத்தில் துருத்தியால் நீர் பீய்ச்சுவோரும், திரியெடுத்து ஆடுவோரும், சர்க்கரை நிரப்பிய செம்பில் விளக்கேற்றி நிற்கும் பெண்களும். உடுத்திவரும் பட்டு பச்சையானால் அவ்வாண்டு மழையும் விளைச்சலும் செழிக்கும், சிவப்பானால் கலகம் என்று குறி பார்ப்பதும் உண்டு.

ஆற்றிலிருந்து அவர் செல்வது வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு. கோயில் மரபு அவ்வளவோடு நிற்கிறது. ஜனங்களோ, கோபத்தோடு போனவர் அன்றிரவு தங்கியது துலுக்க நாச்சியார் வீட்டில் என்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் அரங்கன்மீது காதல் கொண்ட சுல்தானின் மகளுக்கு ஒரு சந்நிதியே உண்டு. கர்நாடகத்து மேல்கோட்டையிலும் பீவி நாச்சியார் கதை வழங்குகிறது. மதுரையார் அந்தக் கதையின் ஒரு கிளையை ஒடித்துத் தங்கள் ஊரில் நட்டார்கள் என்று ஊகிக்க இடமுண்டு. ஆனால் நட்ட விதம் அவர்களுடையதே: ஸ்ரீரங்கத்து நாச்சியார் பக்தியின் உச்சம், வண்டியூர் நாச்சியாரோ தங்கையோடு பிணங்கிய தெய்வம் போய் இளைப்பாறும் வீடு. இரவல் வாங்கிய கதை, வாங்கிய வீட்டின் நியாயத்தைப் பேசத் தொடங்குகிறபோதுதான் சொந்தமாகிறது. ஹெர்பர்ட்டின் பாலைவனச் சமயம் மனத்தில் தங்குவதற்கும் இதுவே காரணமென்று கருதுகிறேன். அரபுச் சொற்களைக் காட்டிலும், தண்ணீர்த் துளியைக் கூடப் பங்கிட்டு வாழ்வோரின் நியாயம் அதில் இருக்கிறது. சொற்களை மட்டும் கடன் வாங்கி, பாதிரியாரின் அங்கியைப் பூசாரிக்கு மாட்டிவிட்டு, இதோ ஒரு புதுச் சமயம் என்று நீட்டும் நாவல்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

என் தெருவில் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து மகனோடு தங்கியிருக்கும் மூதாட்டி ஒருவர் உண்டு. சென்ற சித்திரையில், சர்க்கரைச் செம்பைத் துலக்கிக்கொண்டிருந்தவரிடம், "ஏன் ஆத்தா, வருஷா வருஷம் பிந்தித்தானே வாறாரு, ஒரு வருஷமாச்சும் முந்திக் கிளம்பினா என்னவாம்?" என்று விளையாட்டாகக் கேட்டுவைத்தேன். அழகர் தம் வழியில் நின்று செல்லும் மண்டகப்படிகள் நூற்றுக்கணக்கில் என்பதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

"முந்திக் கிளம்பினாலும் பிந்தித்தாம்ப்பா வருவாரு," என்றார் அவர், செம்பைக் கவிழ்த்து வைத்தபடி. "வழியில ஆளாளுக்குப் பந்தலப் போட்டுக் கும்பிட்டு நிக்குதுக. நிக்காம வரச் சொல்றியா?"